களிமண் பொம்மை நடிக்கும் சினிமா! - "கிளேமேஷன்" பிறந்த கதை

களிமண் நடக்கிறது. களிமண் சிரிக்கிறது. களிமண் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. களிமண் ஆஸ்கார் பரிசும் வாங்குகிறது!

இது கட்டுக்கதை அல்ல. சினிமாவில் நடக்கிற உண்மை.

இந்தக் கலையின் பெயர் "கிளேமேஷன்". வாயில் நுழையாத பெயராக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த சொல் அது. "கிளே" என்றால் களிமண். "அனிமேஷன்" என்றால் உயிர் ஊட்டுதல். லத்தீன் மொழியில் "அனிமா" என்ற சொல்லுக்கு உயிர், மூச்சு என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் அனிமேஷன். களிமண்ணில் "கிளே" என்ற தலையையும், உயிரூட்டலில் "மேஷன்" என்ற வாலையும் எடுத்து ஒன்றாக்கினார்கள். கிளேமேஷன் பிறந்தது.

நம் மொழியில் சொன்னால், "களிமண்ணுக்கு உயிர் ஊட்டும் படக்கலை".

இந்தச் சொல்லை உண்டாக்கியவர் யார்? அந்தச் சொல் அவருக்கு எதைக் கொடுத்தது? அவரிடமிருந்து எது போனது? கேட்டால் இப்படியும் நடக்குமா என்று தோன்றும். அதற்கு முன், களிமண் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

மண் நடப்பது எப்படி?

மண் நடக்கவே இல்லை. நம் கண்தான் ஏமாறுகிறது.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் திரையில் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அசையாத படம். ஆனால் அவை அடுத்தடுத்து வேகமாக வருவதால், அசைவது போல நமக்குத் தெரிகிறது.

களிமண் படம் எடுப்பவர் இதைப் பயன்படுத்திக்கொள்கிறார். ஒரு பொம்மையை மேஜை மேல் நிற்க வைக்கிறார். காமிராவில் ஒரு படம் எடுக்கிறார். பிறகு பொம்மையின் கையை ஒரு நெல்மணி அளவு மேலே தூக்குகிறார். மறுபடியும் ஒரு படம். இன்னும் கொஞ்சம் தூக்குகிறார். மறுபடியும் ஒரு படம். இப்படியே எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தால், பொம்மை தானாகவே கையைத் தூக்கிக் கும்பிடு போடும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 24 படம் என்றால், ஒரு நிமிடத்துக்கு 1,440 படம். பத்து நிமிடப் படத்துக்கு 14,400 படம். ஒரே நிலையை இரண்டு தடவை படம் எடுத்து வேலையைப் பாதியாகக் குறைப்பதும் உண்டு. அப்படிச் செய்தாலும், ஒரு நிமிடத்துக்கு 720 தடவை பொம்மையைத் தொட்டு நகர்த்தியாக வேண்டும்.

பெரிய ஸ்டூடியோக்களிலும் ஒரு கலைஞர் நாள் முழுவதும் நின்று வேலை செய்தால் இரண்டு, மூன்று வினாடிப் படம்தான் கிடைக்கும். காலையில் ஆரம்பித்தால், பொம்மை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்!

பொம்மைக்குள் கம்பியால் செய்த எலும்புக்கூடு இருக்கும். பெரிய படங்களில் நம் உடம்பின் மூட்டுகளைப் போலவே திரும்பக்கூடிய உலோக மூட்டுகள் இருக்கும். அதன் மேல் களிமண்ணை அப்பி உருவம் செய்வார்கள். பொம்மை பேச வேண்டும் என்றால் "ஆ", "ஈ", "ஊ" என்று தனித்தனி வாய்கள் செய்து வைத்துக்கொள்வார்கள். எந்த எழுத்து வருகிறதோ, அந்த வாயை எடுத்து முகத்தில் ஒட்டுவார்கள்.

காயாத மண்

வீட்டு வாசலில் பிசையும் களிமண்ணில் இதைச் செய்ய முடியுமா?

முடியாது. ஈரக் களிமண் சிறிது நேரத்தில் காயும். காய்ந்தால் வெடிக்கும். காமிராவின் விளக்குச் சூட்டில் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். நாயகன் சிரிக்கப் போகும் நேரத்தில் மூக்கு உதிர்ந்து விழுந்தால் என்ன செய்வது?

இதற்கு வழி கிடைத்தது இங்கிலாந்தில். வில்லியம் ஹார்பட் என்பவர் ஓர் ஓவிய ஆசிரியர். பாத் நகரத்தை அடுத்த பாத்தாம்ப்டன் என்ற ஊரில் வசித்தார். தம் மாணவர்கள் சிலை செய்து பழகும் மண் காய்ந்து கெட்டியாகிவிடுகிறதே என்று அவருக்குக் கவலை. 1897-ம் ஆண்டில் காயாத மண் ஒன்றைக் கண்டுபிடித்தார். சுண்ணாம்புத் தூள், வாசலின் போன்ற பசை, கொழுப்பு அமிலம் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த மண் அது. "பிளாஸ்டிசின்" என்று பெயர் வைத்தார். 1900-ம் ஆண்டில் பாத்தாம்ப்டனில் தொழிற்சாலையும் தொடங்கினார்.

அவர் சினிமாவை நினைத்து அதைச் செய்யவில்லை. பள்ளிப் பிள்ளைகளை நினைத்துச் செய்தார். ஆனால் தண்ணீர் இல்லாமலே இளகியிருக்கும் அந்த எண்ணெய் மண்தான் களிமண் சினிமாவுக்கு அஸ்திவாரம் ஆயிற்று.

ஆகவே "கிளேமேஷன்" என்ற சொல்லில் "களிமண்" இருந்தாலும், படத்தில் நடிப்பது பெரும்பாலும் குயவர் வீட்டு மண் அல்ல. இந்த எண்ணெய் மண்தான்!

பெயர் இல்லாத காலம்

சொல் பிறப்பதற்கு முன்பே கலை பிறந்துவிட்டது.

1908-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மௌனப் படம் ஒன்று வந்தது. ஒரு சிற்பி கனவு காண்கிறார். அவருடைய களிமண் கட்டிகள் யாரும் தொடாமலே அசைந்து, அரசியல் தலைவர்களின் முகங்களாக மாறுகின்றன. அன்றைய ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

1917-ம் ஆண்டில் ஹெலினா ஸ்மித் டேட்டன் என்ற பெண்மணி "ரோமியோ ஜூலியட்" கதையைக் களிமண் பொம்மைகளை வைத்துப் படம் எடுத்தார். அவர் ஒரு சிற்பி. பெண்கள் காமிரா பக்கம் வருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அந்தப் படம் இன்று கிடைக்கவில்லை. காலம் அதை விழுங்கிவிட்டது.

பிறகு கார்ட்டூன் சித்திரங்கள் வந்தன. காகிதத்தில் வரைவது சுலபம். பல பேர் பங்கு போட்டுக்கொண்டு வரையலாம். களிமண் பின்தங்கியது.

தந்தையின் தலைமயிர்

களிமண்ணை மறுபடியும் தூக்கி நிறுத்தியவர் ஆர்ட் குளோக்கி என்ற அமெரிக்கர். 1921-ம் ஆண்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே அவருடைய தந்தை மோட்டார் விபத்தில் இறந்துவிட்டார். பிறகு ஜோசப் குளோக்கி என்ற இசை அறிஞர் அவரைத் தத்து எடுத்து வளர்த்தார்.

வளர்ந்தபின் சினிமாக் கல்லூரியில் படித்தார். களிமண் உருண்டைகளும் கட்டிகளும் இசைக்குத் தக்கபடி ஆடும் சிறு படம் ஒன்றை எடுத்தார். 1955-ம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் "கம்பேசியா". அதைப் பார்த்துக் குழந்தைகளுக்கு டெலிவிஷன் படம் எடுக்க அவருக்கு வாய்ப்பு வந்தது.

அவர் செய்த பொம்மையின் பெயர் "கம்பி". பச்சை நிறம். தட்டையான உடம்பு. கீழே சாயாமல் நிற்பதற்காக அகன்ற பாதம். தலை மட்டும் ஒரு பக்கம் சரிந்து மேடாக இருக்கும்.

தலை ஏன் அப்படி? இறந்துபோன தந்தையின் இளமைக் காலப் புகைப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் தந்தையின் தலைமயிர் ஒரு பக்கமாக எழும்பி மேடு போல நிற்கும். அந்த மயிர்க்கற்றைதான் பொம்மைக்குத் தலை ஆயிற்று! அமெரிக்கக் குழந்தைகள் லட்சக்கணக்கில் அந்தப் பொம்மையைப் பார்த்துச் சிரித்தார்கள். அது ஒரு மகன் தன் தந்தையை நினைத்துச் செய்த தலை என்பது பல பேருக்குத் தெரியாது.

அப்போதும் இந்தக் கலைக்குத் தனிப் பெயர் இல்லை. "களிமண் அனிமேஷன்" என்றே சொல்லி வந்தார்கள்.

சொல் பிறந்தது

இனி, சொல்லை உண்டாக்கியவருக்கு வருவோம்.

அவர் பெயர் வில் வின்டன். அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்தவர். 1947-ம் ஆண்டில் பிறந்தார். கட்டடக் கலை படித்தவர். வளைவும் நெளிவுமான கட்டடங்களுக்குக் களிமண்ணில் மாதிரி செய்து பார்க்கும்போது, களிமண் மேல் அவருக்கு ஆசை பிறந்தது.

அவரும் பாப் கார்டினர் என்ற கலைஞரும் சேர்ந்து, போர்ட்லண்டு நகரத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் படம் எடுத்தார்கள். பணம் இல்லை. பெரிய ஸ்டூடியோ இல்லை. மண்ணும் காமிராவும் பொறுமையும்தான் இருந்தன.

1974-ம் ஆண்டில் "திங்கட்கிழமை விடுமுறை" என்று பொருள்படும் பெயருடன் அந்தச் சிறு படம் வெளிவந்தது. ஒரு குடிகாரர் ஒரு கலைக் கூடத்துக்குள் தள்ளாடிக்கொண்டு நுழைகிறார். சித்திரங்களும் சிலைகளும் உயிர் பெற்று அவரை மிரட்டுகின்றன. கடைசியில் அவரே சிலையாகி நின்றுவிடுகிறார். எட்டு நிமிடம் ஓடும் படம். 1975-ம் ஆண்டில் அதற்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது!

நிலவறையில் மண் பிசைந்தவர்கள் உலகத்தின் கண்ணில் பட்டார்கள். பிறகு இருவரும் பிரிந்தனர். வின்டன் சொந்த ஸ்டூடியோ நடத்தினார். 1978-ம் ஆண்டில் தம் படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைக் காட்டும் செய்திப் படம் ஒன்றை வெளியிட்டார். அதன் பெயரில்தான் "கிளேமேஷன்" என்ற சொல்லைப் போட்டார். அந்தச் சொல்லைத் தம் வியாபாரப் பெயராகப் பதிவும் செய்துகொண்டார்.

அதாவது, முறைப்படி பார்த்தால் வின்டன் ஸ்டூடியோ எடுத்த படம்தான் "கிளேமேஷன்". மற்றவர்கள் எடுத்தால் அது "களிமண் அனிமேஷன்". சோப்புக் கம்பெனி தன் சோப்புக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வது போலத்தான் இதுவும்.

ஆனால் ஜனங்களின் நாக்குக்கு யார் பூட்டுப் போட முடியும்?

திராட்சை ஆடிய நடனம்

1986-ம் ஆண்டில் வின்டன் ஸ்டூடியோ ஒரு விளம்பரப் படம் எடுத்தது. கலிபோர்னியா மாநிலத்து உலர்ந்த திராட்சைக்கான விளம்பரம் அது. சுருங்கிய திராட்சைகளுக்குக் கை முளைத்தது, கால் முளைத்தது. அவை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டுப் பாடி ஆடின.

அமெரிக்கா முழுவதும் அந்தத் திராட்சைகள் மேல் பைத்தியமாகிவிட்டது. பொம்மை, சட்டை, சாப்பாட்டுப் பெட்டி என்று எதைப் பார்த்தாலும் ஆடும் திராட்சை! அத்துடன் "கிளேமேஷன்" என்ற சொல்லும் வீட்டுக்கு வீடு நுழைந்தது.

அதன் பிறகு, யார் எடுத்த களிமண் படமாக இருந்தாலும் ஜனங்கள் "கிளேமேஷன்" என்றார்கள். அதோடு நிற்கவில்லை. மண்ணே இல்லாத பொம்மைப் படங்களையும் "கிளேமேஷன்" என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

எது சரி? எது தவறு?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பொருளை நகர்த்தி, நிறுத்தி, ஒவ்வொரு படமாக எடுக்கும் முறைக்குப் பொதுப் பெயர் "ஸ்டாப் மோஷன்". இது பெரிய குடும்பம். மரப் பொம்மையை நகர்த்தி எடுக்கலாம். துணிப் பொம்மையை நகர்த்தி எடுக்கலாம். காகிதத்தை வெட்டி நகர்த்தி எடுக்கலாம். தீக்குச்சியைக் கூட நடிக்க வைக்கலாம். எல்லாம் ஸ்டாப் மோஷன்தான்.

அந்தக் குடும்பத்தில் களிமண்ணால் செய்த பிள்ளைக்கு மட்டும் பெயர் கிளேமேஷன்.

எல்லா கிளேமேஷனும் ஸ்டாப் மோஷன். ஆனால் எல்லா ஸ்டாப் மோஷனும் கிளேமேஷன் அல்ல. தோசை எல்லாம் பலகாரம். பலகாரம் எல்லாம் தோசை ஆகுமா?

1964-ம் ஆண்டில் அமெரிக்க டெலிவிஷனில் வந்த "ருடால்ப்" என்ற சிவப்பு மூக்கு மான் படத்தைப் பல பேர் கிளேமேஷன் என்கிறார்கள். தவறு. அந்தப் பொம்மைகள் ஜப்பானில் அசைத்துப் படம் எடுக்கப்பட்டவை. களிமண் பொம்மைகள் அல்ல. 2009-ல் வந்த "கோரலைன்" படத்தையும் அப்படிச் சொல்கிறார்கள். அதுவும் தவறு. அதன் முகங்கள் இயந்திரத்தில் அச்சிட்டு எடுத்தவை.

சந்தேகம் வந்தால் சுலபமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பொம்மையின் உடம்பை உற்றுப் பாருங்கள். விரல் ரேகை தெரிகிறதா? அது களிமண்!

சொல் நிலைத்தது, ஸ்டூடியோ போனது

வின்டனின் ஸ்டூடியோ பெரிதாக வளர்ந்தது. செலவும் வளர்ந்தது. கம்ப்யூட்டர் படங்களும் போட்டிக்கு வந்தன. 1990-களின் கடைசியில் பணம் தேவைப்பட்டது. "நைக்கி" செருப்புக் கம்பெனியின் அதிபர் பில் நைட் முதலீடு செய்தார். சில ஆண்டுகளில் ஸ்டூடியோவின் பெரும்பங்கு அவர் கைக்குச் சென்றது. தாம் உண்டாக்கிய ஸ்டூடியோவிலிருந்து வின்டன் வெளியேறும்படி ஆயிற்று.

2005-ம் ஆண்டில் அந்த ஸ்டூடியோவின் பெயரும் மாறியது. "லைக்கா" ஆயிற்று. முன்னே சொன்ன "கோரலைன்" படத்தை எடுத்தது அந்த லைக்காதான்.

வின்டன் 2018-ம் ஆண்டில் காலமானார். அவர் கட்டிய ஸ்டூடியோவில் அவர் பெயர் இல்லை. ஆனால் அவர் செய்த சொல் அகராதியில் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ குழந்தைகள் மண்ணைப் பிசைந்து படம் எடுக்கும்போது அவர் சொல்லைத்தான் சொல்கின்றன.

வாய் இல்லாத நாய்

அமெரிக்காவில் சொல் பிறந்தது என்றால், கலை உச்சிக்குப் போனது இங்கிலாந்தில்.

பீட்டர் லார்டு, டேவிட் ஸ்பிராக்ஸ்டன் என்று இரண்டு நண்பர்கள். 1972-ம் ஆண்டில் "ஆர்ட்மேன்" என்ற பெயரில் படம் எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு பிரிஸ்டல் நகரத்தில் ஸ்டூடியோ வைத்தார்கள். 1977-ல் அவர்கள் செய்த "மார்ப்" என்ற குட்டிக் களிமண் மனிதன் டெலிவிஷனில் குழந்தைகளைக் கவர்ந்தான்.

நிக் பார்க் என்ற மாணவர் சினிமாப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். சிறுவயதில் வீட்டுப் பரணில் பொம்மைப் படம் எடுத்துப் பழகியவர். பரீட்சைக்காக ஒரு படம் ஆரம்பித்தார். பாலாடைக் கட்டி தின்ன ஆசைப்பட்டு ஒரு மனிதர் நாயோடு சந்திரனுக்குப் போகும் கதை. மனிதர் பெயர் வாலஸ். நாயின் பெயர் குரோமிட். தனி ஆளாக மண்ணை நகர்த்தி நகர்த்தி எடுத்ததில் ஆண்டுகள் ஓடின. ஆர்ட்மேன் ஸ்டூடியோ 1985-ல் அவருக்கு வேலை கொடுத்து, படத்தை முடிக்கவும் உதவியது. 1989-ல்தான் படம் முடிந்தது!

குரோமிட்டுக்கு வாய் வைத்துப் பேச வைக்க வேண்டும் என்று முதலில் நினைத்திருந்தார். ஆனால் முதல் காட்சியில் நாயின் முதுகு மேல் பலகை வைத்து வாலஸ் அறுக்கிறார். பலகைக்கு அடியில் கையை விட்டு நாயின் வாயை அசைப்பது பெரும் பாடாக இருந்தது. புருவத்தை மட்டும் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். சலிப்பு, கோபம், கவலை எல்லாம் அந்தப் புருவத்திலேயே தெரிந்தது! வாய் எதற்கு என்று விட்டுவிட்டார்.

இன்று உலகப் புகழ் பெற்ற அந்த நாய்க்கு வாய் கிடையாது. ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அப்படியும் அது நினைப்பது எல்லாருக்கும் புரிகிறது.

1991-ம் ஆண்டு ஆஸ்கார் பரிசுக்கு இந்தப் படமும் போட்டியிட்டது. தோற்றது. யாரிடம்? நிக் பார்க் எடுத்த இன்னொரு படத்திடம்! மிருகக்காட்சி சாலை மிருகங்கள் தங்கள் இருப்பிடத்தைப் பற்றிக் குறை சொல்லும் படம் அது. சாதாரண மக்களின் பேச்சைப் பதிவு செய்து, மிருகங்களின் வாயில் வைத்திருந்தார்.

தீயில் வெந்த மண்

2005-ம் ஆண்டு அக்டோபர் மாதம். வாலசும் குரோமிட்டும் நடித்த முழுநீளப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலில் முதல் இடம் பிடித்தது. ஆர்ட்மேன் ஸ்டூடியோவில் கொண்டாட்டம்.

அந்த நேரம் பார்த்து, அக்டோபர் 10-ந் தேதி பிரிஸ்டலில் அவர்களுடைய கிடங்கு தீப்பிடித்தது. பழைய படங்களின் பொம்மைகளும் காட்சி அமைப்புகளும் சாம்பலாயின. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பொக்கிஷம் ஒரே நாளில் போயிற்று.

இரண்டு நாள் முன்புதான் காஷ்மீர்ப் பகுதியில் பயங்கர நிலநடுக்கம் ஏற்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான உயிர்கள் போயிருந்தன. அந்தத் துயரத்துக்கு முன்னால் பொம்மைகள் எரிந்தது பெரிய விஷயம் அல்ல என்று நிக் பார்க் சொல்லி அனுப்பினார். அடுத்த ஆண்டு அந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

2018-ம் ஆண்டில் ஆர்ட்மேன் நிறுவனர்கள் இருவரும் இன்னொரு காரியம் செய்தார்கள். கம்பெனியின் பெரும்பங்கைத் தொழிலாளர்களுக்கே எழுதி வைத்தார்கள். வெளியார் யாரும் வாங்கிவிடாமல், மண் பிசையும் கைகளிடமே ஸ்டூடியோ இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவில் வின்டன் கண்ணை மூடியதும் அதே ஆண்டில்தான்.

ஊருக்கு ஒரு பெயர்

எல்லா நாட்டுக்காரர்களும் கிளேமேஷன் என்றுதான் சொல்கிறார்களா? இல்லை.

ரஷ்யர்கள் "பிளாஸ்டிசின் படம்" என்கிறார்கள். அதுதான் உண்மையான பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறது! 1981-ல் வந்த "பிளாஸ்டிசின் காக்கை" அங்கே மிகவும் பிரசித்தம். ஜப்பானியர்கள் "கிளே அனிமே" என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆதாம் எலியட் சொந்தமாக ஒரு சொல் செய்துகொண்டார். அவர் படங்கள் தனிமனிதர்களின் வாழ்க்கைக் கதைகள். நோய், தனிமை, துக்கம், இவற்றுக்கு நடுவே கொஞ்சம் சிரிப்பு. வாழ்க்கை வரலாற்றையும் களிமண்ணையும் சேர்த்துத் தம் படங்களுக்கு "கிளேயோகிராபி" என்று பெயர் வைத்தார். 2003-ல் அவர் எடுத்த "ஹார்வி கிரம்பெட்" ஆஸ்கார் பரிசு பெற்றது. களிமண் படம் குழந்தைகளுக்கு மட்டும் அல்ல என்பதற்கு அவர் படங்களே சாட்சி.

சுவிட்சர்லாந்தில் பிறந்த "பிங்கு" என்ற பென்குவின் குஞ்சு, எந்த நாட்டு மொழியும் பேசாது. என்னவோ "நூட் நூட்" என்று கத்தும். அதனால் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் அது புரிந்தது.

நம் நாட்டிலும் உண்டு. 2007-ம் ஆண்டில் அமீர் கான் இயக்கிய "தாரே ஜமீன் பர்" இந்திப் படத்தைப் பல பேர் பார்த்திருப்பார்கள். எழுத்துகளைப் படிக்க முடியாமல் தவிக்கும் ஒரு சிறுவனின் கதை. படத்தில் வரும் களிமண் காட்சியைச் செய்தவர் தீமந்த் வியாஸ் என்ற இந்தியக் கலைஞர்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

இன்று கம்ப்யூட்டரில் எந்த உருவத்தையும் செய்யலாம். அப்படியிருக்க இத்தனை கஷ்டப்பட்டு மண்ணை ஏன் பிசைய வேண்டும்?

சில இடத்தில் மண் தோற்றுப்போகும் என்பது உண்மை. "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பது நம் பழமொழி அல்லவா? ஆர்ட்மேன்காரர்களும் அதைக் கண்டுகொண்டார்கள். சாக்கடைக்குள் எலிகள் படகு ஓட்டும் கதை ஒன்றை 2006-ல் எடுத்தார்கள். படம் முழுவதும் தண்ணீர். ஓடும் தண்ணீரை நிறுத்தி நிறுத்திப் படம் எடுக்க முடியாது. பொம்மையும் கெட்டுப்போகும். ஆகவே கம்ப்யூட்டரில் எடுத்தார்கள். ஆனாலும் முகங்களைக் களிமண் முகம் போலவே அமைத்தார்கள்!

2023-ம் ஆண்டில் இன்னொரு கவலை வந்தது. அவர்களுக்கு மண் கொடுத்து வந்த இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. "வாலசும் குரோமிட்டும் இனி அவ்வளவுதான்" என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. ரசிகர்கள் பதறினார்கள். கவலை வேண்டாம், மண் கையிருப்பு இருக்கிறது, புது வழியும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஸ்டூடியோ சமாதானம் சொன்னது. 2024-ல் வாலசும் குரோமிட்டும் புதுப் படத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு மண் கம்பெனி மூடியதற்கு ஒரு தேசமே கவலைப்பட்டது. காரணம், அந்தப் பொம்மையின் கன்னத்தில் தெரியும் விரல் ரேகை. யாரோ ஒருவர் நாள் முழுவதும் நின்று, தொட்டுத் தொட்டு, இதைச் செய்திருக்கிறார் என்று அந்த ரேகை சொல்கிறது. ஆர்ட்மேன்காரர்கள் அதை அழிக்காமலே விடுவது உண்டு.

வீட்டிலேயே செய்யலாம்!

பிள்ளைகள் விடுமுறையில் இதைச் செய்து பார்க்கலாம். செலவு அதிகம் இல்லை.

கடையில் கிடைக்கும் காயாத வண்ணக் களிமண் கொஞ்சம் வாங்குங்கள். வீட்டில் படம் பிடிக்கும் டெலிபோன் இருந்தால் போதும். அதை அசையாமல் ஓரிடத்தில் சாய்த்து நிறுத்துங்கள். கையில் பிடித்துக்கொண்டு எடுத்தால் படம் ஆடும்.

ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் நகர்ந்தால் வெளிச்சம் மாறும்; படம் கண் சிமிட்டும்.

முதலில் மனிதன் வேண்டாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்துவிடும். ஒரு புழுவைச் செய்யுங்கள். விரலால் உருட்டினால் புழு தயார். கொஞ்சம் வளைத்து ஒரு படம். கொஞ்சம் நீட்டி ஒரு படம். ஒவ்வொரு தடவையும் விரல் நகத்தின் அளவுக்கு மேல் நகர்த்தக் கூடாது. வண்ணம் மாறித் தொடும்போது கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் புழு சாம்பல் புழு ஆகிவிடும்.

அறுபது படம் எடுங்கள். வினாடிக்குப் பன்னிரண்டு படம் வீதம் ஓட்டுங்கள். ஐந்து வினாடி ஓடும்.

அந்த ஐந்து வினாடியில் புழு ஊர்ந்து மேஜையைத் தாண்டும். வீட்டில் உள்ள பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் "இன்னொரு தடவை போடு" என்பார்கள். "இது என்னது?" என்று யாராவது கேட்டால், பெயர் தெரியுமே, தயங்காமல் சொல்லுங்கள்:

"கிளேமேஷன்!"